அசையும் படமும் வெற்றுக் கட்டமும்



கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுக்காதவர் நம்மில் எவரும் இரார். அந்தக் கோடு வரைந்தது வரைந்தபடியே கிடக்கும். நம் மேசைமீது வைத்தாலும் கிடக்கும். ஆசிரியர் கையில் கொடுத்தாலும் கிடக்கும். அது பிறர் கண்ணுக்குத் தோன்றுமா தோன்றாதா என்ற ஐயம் நமக்கு எழுந்ததே இல்லை. கணினியில் நாம் இன்று வரையும் வரைபடத்துக்கோ அந்த உறுதி கிடையாது. என் கணினியில் அழகாக அசைந்தாடிய படம், உங்கள் கணினியில் வெறும் வெள்ளைக் கட்டமாக நிற்கக்கூடும். ஏன் அவ்வாறு நேர்கிறது, நேராமல் காப்பது எங்ஙனம் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சென்ற ஆண்டு, இறுதி வகுப்பு மாணவி ஒருவர், காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவைத் தம் ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அறிஞர் 1958 மார்ச் மாதத்தில் இந்த வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024ஆம் ஆண்டின் சராசரியோ 424 பங்குக்கு மேல். மாதத்துக்கு ஒரு புள்ளியாக வைத்தாலும், இன்றுவரை எண்ணூறு புள்ளிகளுக்கு மேல் சேர்ந்துவிடும்.

இத்தனை புள்ளிகளையும் ஒரு சிறு படத்தில் அடக்கினால் நாம் காண்பது என்ன? மேல்நோக்கி ஏறும் ஒரு சரிவு. அதன் ஓரத்தில் இரம்பப் பல்லைப் போன்ற நெளிவு. அவ்வளவுதான். ஆனால் படத்தின் ஒரு பகுதியைச் சுட்டியால் வளைத்து இழுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்க்க முடியுமானால், அந்தப் பற்கள் பேசத் தொடங்குகின்றன. ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உச்சத்துக்கு ஏறுகிறது. செப்டம்பர், அக்டோபரில் தாழ்கிறது. வடகோளத்துக் காடுகள் தளிர்க்கும்போது வாயுவை உண்கின்றன. இலை உதிர்ந்து மக்கும்போது திரும்பக் கொடுக்கின்றன. பூமி மூச்சு விடுவதை அந்தப் பற்களில் காண்கிறோம். இவ்வாறு பெரிதாக்கவும், நகர்த்தவும், ஒரு புள்ளியின்மேல் சுட்டியை வைத்தால் அதன் நாளையும் அளவையும் சொல்லவும் வல்ல படத்தைத்தான் ஊடாடும் வரைபடம் என்கிறோம்.

அந்த மாணவி இன்னும் ஆழ்ந்து நோக்கினார். 1964ஆம் ஆண்டில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களுக்கு எண்ணே இல்லை. ஆராய்ச்சிக்கான பணம் குறைக்கப்பட்டதால் அளவீடு நின்றுபோன காலம் அது. தரவுக் கோப்பில் அந்த மாதங்களுக்கு எதிரே, "இங்கு அளவு இல்லை" என்பதற்கு அடையாளமாக, கழித்தல் 99.99 என்ற எண்ணை இட்டிருப்பார்கள். அவர் முதலில் அதையும் ஓர் அளவென்றே கருதி வரைந்துவிட்டார். கோடு பாதாளத்தில் விழுந்து மேலெழுந்தது. பின்பு அந்த வரிகளையே நீக்கிவிட்டு வரைந்தார். அப்போது கோடு சனவரியிலிருந்து மே மாதத்துக்கு நேரே பாய்ந்தது. அளந்து பார்த்ததைப் போலவே தோற்றம் கொடுத்தது.

"அம்மா, இந்தக் கோட்டை யார் அளந்தார்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்து, "யாரும் அளக்கவில்லை, ஐயா. நான்தான் இழுத்துவிட்டேன்" என்றார்.

பிறகு அந்த மூன்று இடங்களையும் நீக்காமல், எண் இல்லாத இடங்களாகவே விட்டு வரைந்தார். கோடு அங்கே அறுந்து நின்றது. அந்த அறுந்த இடத்தைத்தான் அவர் தம் ஆய்வேட்டின் சிறந்த பகுதியாக மதித்தார். அது நேர்மையான வெற்றிடம். அளக்காததை அளக்கவில்லை என்று சொல்லும் வெற்றிடம்.

தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மாணவியின் ஏட்டைத் தம் கணினியில் திறந்தார். உரை இருந்தது, கணக்கு இருந்தது, படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. "படம் எதுவும் வரையவில்லையா?" என்று அவர் கேட்டார். மாணவியின் முகம் வாடிப்போயிற்று. அங்கே நின்றதும் ஒரு வெற்றிடமே. ஆனால் அது பொய்யான வெற்றிடம். இருப்பதை இல்லை என்று காட்டும் வெற்றிடம். தேர்வாளர் இரக்கமுள்ளவர். "மாலை 4 மணி வரையில் நேரம் தருகிறேன், காட்டுங்கள்" என்று சொன்னார்.

நண்பர்களே, அன்று நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லுமுன், அந்த ஏடு எத்தகையது என்பதை விளக்கவேண்டும். நோட்புக் என்று வழங்கும் இதை நான் கணிப்பேடு என்று சொல்லப் போகிறேன். உரையும், நிரலும், நிரலின் விடையும், படமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்த ஏடு இது. நிரல் என்பது பொறிக்காக மட்டுமன்றி, மனிதர் படிப்பதற்காகவும் எழுதப்படவேண்டும் என்று டொனால்ட் கனூத் 1984இல் வற்புறுத்தினார். 1988இல் வந்த மேத்தமாட்டிக்கா என்ற மென்பொருள் கணிப்பேட்டு வடிவத்தை வழக்கில் கொண்டுவந்தது. கொலம்பியா நாட்டில் பிறந்த ஃபெர்னாண்டோ பெரேஸ், அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 2001இல் ஐபைத்தானைத் தொடங்கினார். அதிலிருந்து 2011இல் உலாவியில் திறக்கும் ஏடு பிறந்தது. 2014இல் அது ஜூபிட்டர் என்ற பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று நிரல்மொழிகளின் பெயர்கள் அதில் அடங்கியுள்ளன. 2015 செப்டம்பர் 14ஆம் நாள் ஈர்ப்பலையை முதன்முதலாக உணர்ந்த லைகோ ஆய்வாளர்கள், அந்தத் தரவை ஆராயும் முறையை இத்தகைய கணிப்பேடாகவே உலகுக்கு அளித்தார்கள்.

கண்ணுக்கு ஒரே பக்கமாகத் தோன்றும் இந்த ஏட்டுக்கு உண்மையில் இரண்டு வீடுகள் உண்டு. இதை நீங்கள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளவேண்டும். கணக்குப் போடும் வீடு ஒன்று. அதற்குக் கெர்னல் என்று பெயர். பைத்தான் வாழ்வது அங்கேதான். காட்டும் வீடு மற்றொன்று, அதுவே உலாவி. அங்கே வழங்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். கெர்னல் உங்கள் மேசைக் கணினியிலும் இருக்கலாம். கடல் கடந்த ஊரிலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே செய்தி சுமந்து செல்வது சேவையகம். வரைபடம் தோன்றவில்லை என்றால், கணக்கு வீட்டில் குறையா, காட்டும் வீட்டில் குறையா, இடைவழியில் குறையா என்று முதலில் அறியவேண்டும். பெரும்பாலானோர் இதைக் கேட்பதில்லை. நிரலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள். குறையோ வேறிடத்தில் இருக்கும்.

கணக்கு வீட்டிலிருந்து காட்டும் வீட்டுக்குப் படம் எப்படிச் செல்கிறது? ஒரே செய்தியை மூன்று மொழிகளில் எழுதி ஓர் உறையில் இட்டு அனுப்பினால், பெறுகிறவர் தமக்குத் தெரிந்த மொழியில் படித்துக்கொள்வார் அல்லவா? கெர்னலும் அவ்வாறே செய்கிறது. ஒரு படத்தை வெற்று எழுத்தாகவும், எச்டிஎம்எல் ஆகவும், அசையாப் படமாகவும் பல வடிவங்களில் கட்டி அனுப்பமுடியும். உலாவியிலுள்ள ஏடு, தனக்குப் புரிந்தவற்றுள் சிறந்ததை எடுத்துக் காட்டும். ஒன்றும் புரியாவிட்டால் வெற்று எழுத்தைக் காட்டும். படம் வரவேண்டிய இடத்தில் நீண்ட எழுத்துக் குவியல் வந்து நின்றால், நீங்கள் அஞ்சவேண்டாம். படம் பிறந்துவிட்டது, அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை என்பதே அதன் பொருள்.

இனி, கணிப்பேட்டில் தோன்றும் படங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறேன். திருவிழாக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொம்மலாட்டத்தின் புகைப்படம் விற்பார்கள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை விற்பார்கள். கொட்டகைக்குள் நூலில் ஆடும் பாவைகளையும் காட்டுவார்கள்.

புகைப்படத்தைப் போன்றது அசையாத படம். மேட்பிளாட்லிப் என்ற நிரல் நூலகம் பொதுவாக இப்படித்தான் கணிப்பேட்டில் வரைகிறது. அதை ஆக்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த மின்னலைகளை நோக்குவதற்கு ஒரு கருவி வேண்டுமென்று அவர் தொடங்கிய வேலை, 2003இல் வெளிவந்து, அறிவியல் உலகின் பொதுச் சொத்தாகிவிட்டது. அவர் 2012இல் மறைந்தார். இந்த அசையாப் படம் ஏட்டுக்குள்ளேயே பதிந்துவிடும். எங்கே திறந்தாலும் தோன்றும். ஆனால் பெரிதாக்க இயலாது. தொட்டுக் கேட்க இயலாது.

சாவி கொடுத்த பொம்மையைப் போன்றவை பிளாட்லி, போக்கே, ஆல்டேர் என்ற நூலகங்கள் ஆக்கும் படங்கள். தரவு முழுவதையும் படம் தன்னோடு எடுத்துச் செல்கிறது. உலாவிக்குள் சென்றபின் கெர்னலின் உதவி அதற்குத் தேவையில்லை. தானே பெரிதாகும், தானே விடை சொல்லும். ஆனால் பொம்மைக்குள் சக்கரமும் வில்லும் இருந்தால்தானே ஓடும்? அந்தச் சக்கரமும் வில்லுந்தான் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். பிளாட்லியின் நூலகம் மட்டும் 3 மெகாபைட்டுக்கு மேல் எடையுள்ளது. அதை ஏட்டுக்குள்ளேயே வைக்கலாம். அல்லது, வேண்டும்போது இணையத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். முன்னதில் ஏடு பருத்துவிடும். பின்னதில் ஏடு மெலிந்திருக்கும்; ஆனால் இணையம் இல்லாத இடத்தில் பொம்மை ஓடாது.

நூலில் ஆடும் பாவையைப் போன்றது மூன்றாம் வகை. விட்ஜெட் என்று வழங்கும் கருவிகளால் ஆகியது அது. நீங்கள் திரையில் ஒரு குமிழை நகர்த்தினால், அச்செய்தி கெர்னலுக்குச் சென்று, பைத்தான் புதிதாகக் கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறது. ஆற்றல் மிக்கது இதுவே. ஆயினும் திரைக்குப் பின்னே ஆட்டுவிப்பவர் இருக்கும்வரையில்தான் பாவை ஆடும். கெர்னல் நின்றுவிட்டால் நூலும் அறுந்தது. மறுநாள் அந்த ஏட்டைத் திறப்பவர், அசையாத ஓர் உருவத்தையோ பிழை கூறும் ஒரு வரியையோதான் காண்பார்.

மூவகையையும் அறிந்துகொண்டால், குறைகள் தாமாகவே இனம் பிரிந்துவிடுகின்றன. மேட்பிளாட்லிப்பை எடுத்துக்கொள்வோம். படத்தை அசையச் செய்ய, "நோட்புக்" என்ற சொல்லோடு முடியும் ஒரு கட்டளையைப் பழைய பாடநூல்கள் கற்பிக்கின்றன. அது பழைய கணிப்பேட்டின் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்டது. பின்னர் வந்த ஜூபிட்டர்லேப் அந்த அமைப்பைக் கைவிட்டுவிட்டது. 2023இல் வெளியான கணிப்பேட்டின் 7ஆம் பதிப்பும் ஜூபிட்டர்லேப்பின் அடித்தளத்தில் கட்டப்பட்டதே. ஆகவே, பழைய கட்டளையை அங்கே இட்டால், "ஐபைத்தான் என்பது வரையறுக்கப்படவில்லை" என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழை தோன்றும். மாணவர்கள் ஐபைத்தானை மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்த்துச் சலித்துப்போவார்கள். குறை அங்கே இல்லை. ஐபிஎம்பிஎல் என்ற துணை நூலகத்தை நிறுவி, "நோட்புக்" என்ற சொல்லுக்குப் பதிலாக "விட்ஜெட்" என்ற சொல்லை இட்டால் படம் அசையும்.

அங்கும் ஒரு நுட்பம் உண்டு. கெர்னல் ஒரு சூழலிலும், ஜூபிட்டர்லேப் வேறொரு சூழலிலும் நிறுவப்பட்டிருக்கலாம். பைத்தான் பகுதி கெர்னல் இருக்கும் சூழலில் வேண்டும்; உலாவிக்கான பகுதி ஜூபிட்டர்லேப் இருக்கும் சூழலில் வேண்டும். பாவையை ஒரு கொட்டகையிலும் திரையை மற்றொரு கொட்டகையிலும் வைத்தால் ஆட்டம் எப்படி நடக்கும்? நிறுவியபின் கெர்னலை மட்டுமன்றி, உலாவிப் பக்கத்தையும் புதிதாகத் திறக்கவேண்டும்.

பொம்மை வகைக்கும் தனித்தனியே சில வழக்கங்கள் உண்டு. போக்கே நூலகத்தில், "விடையைக் கணிப்பேட்டில் காட்டு" என்று முதலிலேயே ஒரு கட்டளை இடவேண்டும். கூகிள் கோலாப் என்ற இடத்தில் ஒவ்வொரு கட்டத்தின் விடையும் தனித்தனிச் சட்டத்துக்குள் அடைபட்டிருப்பதால், அந்தக் கட்டளையை ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். ஆல்டேர், 5,000 வரிகளுக்கு மேற்பட்ட தரவைக் கொடுத்தால் வரைய மறுத்துப் பிழை கூறும். இது முரட்டுத்தனம் அன்று. தரவு முழுவதும் படத்தோடு ஏட்டுக்குள் செல்கிறது என்று சொன்னேன் அல்லவா? நூறாயிரம் வரிகளை ஏற்றினால் ஏடு வீங்கி, உலாவி மூச்சுத் திணறும். அதைத் தடுப்பதற்கே இந்த எல்லை. மாதச் சராசரி போதுமான இடத்தில் மணிக்கணக்கான அளவுகளை ஏற்றுவானேன்?

இப்போது தேர்வறைக்குத் திரும்புவோம். மாணவி பயன்படுத்தியது பிளாட்லி. எனவே சாவி கொடுத்த பொம்மை. "ஏடு பருக்கவேண்டாம், நூலகத்தை இணையத்திலிருந்து வரவழைக்கும் முறையை வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுத்தவன் நானே. என் அறையில் இணையம் எப்போதும் உண்டு; அந்தத் தேர்வறையில் இல்லை. குற்றம் மாணவியுடையதன்று, என்னுடையது என்பதை அப்போதே உணர்ந்தேன்.

என் கைப்பேசியின் இணையத்தைத் தேர்வாளரின் கணினிக்குக் கொடுத்து, ஏட்டை மறுபடி திறந்தோம். அப்போதும் வெற்றுக் கட்டமே நின்றது! மாணவி என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? சிறிது நேரம் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர்தான் நம்பிக்கை என்ற இரண்டாவது பூட்டு நினைவுக்கு வந்தது. பிறர் அனுப்பிய ஏட்டினுள் தீங்கான ஜாவாஸ்கிரிப்ட் மறைந்திருக்கக்கூடும். ஆகவே, உங்கள் கணினியில் நீங்களே இயக்கிப் பெறாத விடைகளிலுள்ள ஜாவாஸ்கிரிப்டை ஜூபிட்டர் இயங்கவிடாது. "இந்த ஏட்டை நம்புகிறேன்" என்று நீங்கள் கட்டளையிட்டால்தான் அது இயங்கும். இது நல்ல காவல், குறை கூறத்தக்கதன்று. ஏட்டை முழுவதும் மீண்டும் இயக்கினாலும் அந்தப் பூட்டு திறக்கும். ஆனால் தேர்வாளரின் கணினியில் பிளாட்லி நிறுவப்படவில்லையே!

நம்பிக்கைக் கட்டளையை இட்டுவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். மாணவி தடுத்தார். "ஐயா, இவர் கணினியில் இதைத் திறந்துவிட்டோம். நாளை வேறொருவர் திறந்தால் மறுபடியும் வெற்றுக் கட்டந்தானே? எங்கே திறந்தாலும் தோன்றும்படி செய்துவிடலாமே" என்றார். ஆசிரியருக்கு மாணவர் பாடம் சொல்லும் நேரங்கள் உண்டு. அது அத்தகைய நேரம்.

நாங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு ஓடினோம். ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை இயக்கினோம். படத்தைத் தனி எச்டிஎம்எல் கோப்பாக எழுதச் செய்து, நூலகத்தையும் அதற்குள்ளேயே அடக்கினோம். 3 மெகாபைட்டுக்கு மேல் பருமன்; ஆனால் இணையமும் வேண்டாம், பைத்தானும் வேண்டாம், ஜூபிட்டரும் வேண்டாம்; உலாவி ஒன்று இருந்தால் போதும். அடுத்து, கணிப்பேட்டிலும் ஒரு மாற்றம் செய்தோம். ஊடாடும் வடிவத்தோடு அசையாப் படத்தையும் சேர்த்து அனுப்பும்படி பிளாட்லிக்குக் கட்டளையிடலாம். பொம்மை ஓடாவிட்டால் புகைப்படமாவது நிற்குமல்லவா? இதற்குக் காலைடோ என்ற துணை நூலகம் வேண்டும். அதன் 1ஆம் பதிப்பு முதல், கணினியில் குரோம் உலாவியும் இருக்கவேண்டும். கடைசியாக, முழுக் கோட்டின் படத்தையும், 1964ஆம் ஆண்டைப் பெரிதாக்கிய படத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுக்கொண்டோம்.

மாலை 4 மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, சிறு நினைவகக் குச்சியும் ஒரு தாளுமாக மாணவி உள்ளே நுழைந்தார். தேர்வாளர் கைப்பேசியின் இணையத்தையும் நிறுத்திவிட்டு, அந்தக் கோப்பைத் திறந்தார். கோடு தோன்றியது. அவரே சுட்டியால் வளைத்து இழுத்துப் பெரிதாக்கினார். இரம்பப் பற்கள் விரிந்தன. மேலும் பெரிதாக்கிக்கொண்டே சென்றவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கே கோடு அறுந்திருக்கிறதே, இதுவும் தோன்றாத குறைதானா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா. இங்கே தோன்றுவதற்கு ஒன்றும் இல்லை. 1964இல் இந்த மூன்று மாதம் எவரும் அளக்கவில்லை" என்றார் மாணவி. பிறகு 2022ஆம் ஆண்டின் இறுதியைக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் மௌனா லோவா எரிமலை வெடித்தபோது, அளக்கும் பணி தடைப்பட்டது. அண்டையிலுள்ள மௌனா கியா மலைக்கு மாற்றி, 2023 சூலைத் தொடக்கம்வரை அங்கிருந்து அளந்தார்கள். ஆகவே அங்கே கோடு அறவில்லை. இடம் மட்டும் மாறியது. சுட்டியை அங்கே வைத்தால் அந்தக் குறிப்புத் தோன்றும்படி அவர் அமைத்திருந்தார். தேர்வாளர் நெடுநேரம் அந்தப் படத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். காலையில் அவர் எழுதாமல் நிறுத்தி வைத்திருந்த குறிப்பை மாலையில் எழுதினார். அதில் அந்த அறுந்த கோட்டைப் பாராட்டி ஒரு வரி இருந்தது.

அன்று நாங்கள் கற்றதை, நீங்கள் நாளை பயன்படுத்தத்தக்க முறையில் வரிசைப்படுத்திச் சொல்லுகிறேன்.

முதலாவது, படம் பிறந்ததா என்று பாருங்கள். பிளாட்லியிலும் ஆல்டேரிலும் படத்துக்குப் பெயரிட்டுவிட்டு, அதைக் காட்டும்படி சொல்ல மறந்தால் ஒன்றும் தோன்றாது. கட்டத்தின் கடைசி வரியில் படத்தின் பெயரைத் தனியே எழுதவேண்டும், அல்லது காட்டும் கட்டளையை இடவேண்டும். சுழற்சிக்குள்ளும் நிபந்தனைக்குள்ளும் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. ஐயம் இருந்தால் எச்டிஎம்எல் கோப்பாக எழுதித் தனியே திறந்து பாருங்கள். அங்கே தோன்றினால் கணக்கு வீட்டில் குறையில்லை.

இரண்டாவது, என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். பிழைச் செய்தி, எழுத்துக் குவியல், வெற்றுக் கட்டம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். பிழைச் செய்தி வந்தால் அதைப் பொறுமையாகக் கடைசி வரிவரை படியுங்கள். மருந்தின் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிளாட்லி, "என்பிஃபார்மட் என்ற நூலகத்தின் 4.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும்" என்று சொன்னால், அதை நிறுவிக் கெர்னலைப் புதிதாகத் தொடங்கினால் போதும். எழுத்துக் குவியல் வந்தால், படத்தின் மொழி ஏட்டுக்குப் புரியவில்லை என்று கொள்ளுங்கள். வெற்றுக் கட்டம் வந்தால் இணையத்தையும் நம்பிக்கைப் பூட்டையும் சோதியுங்கள். எஃப் 12 என்ற விசையை அழுத்தினால் உலாவியின் உள்ளே நிகழ்ந்த பிழைகள் தெரியவரும்.

மூன்றாவது, பிறர் கண்ணால் பாருங்கள். இதுவே தலையாயது. ஏட்டை மூடி, கெர்னலை நிறுத்தி, இணையத்தைத் துண்டித்து, இயன்றால் நண்பரின் கணினியில் திறந்து பாருங்கள். கிட்ஹப் போன்ற இடங்களில் ஏட்டை வைத்தால், அங்கே ஜாவாஸ்கிரிப்ட் இயங்காது. ஊடாடும் படம் தோன்றாது. அசையாப் படம் ஒன்றை உடன் வைத்திருந்தால் அது நிற்கும்.

நண்பர்களே, படம் தோன்றாவிட்டால் என்ன, விடை சரியாக இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். அறிவியலில் கண்டறிவது பாதி வேலை. கண்டதைப் பிறர் தாமே சோதித்துப் பார்க்கும்படி அவர் முன் வைப்பது மற்றப் பாதி. ஊடாடும் படத்தின் சிறப்பே அது. "நான் சொல்வதை நம்புங்கள்" என்று அது சொல்வதில்லை. "நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள்" என்று சொல்கிறது. அவ்வாறு அழைத்துவிட்டுக் கதவைத் திறவாமல் நிற்பது முறையாகுமா?

உங்கள் ஏட்டில் வெற்றிடம் ஒன்று தோன்றுமானால், அது எத்தகையது என்று கேளுங்கள். இருப்பதை மறைக்கும் வெற்றிடமாயின், ஓயாமல் உழைத்து அதை நீக்குங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லும் வெற்றிடமாயின், அதை நிரப்பாதீர்கள், பெரிதாக்கிக் காட்டுங்கள். இந்த வேறுபாட்டை எனக்கு விளங்கவைத்தவர் என் மாணவி. அவரிடம் கற்றதையே இன்று உங்களிடம் கூறினேன்.